ஒரு கம்பி உயரம்

பூம்பாறை ஓடையில் வெள்ளனே கேரட் கழுவ இறங்கிவிட்டார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் முதலில் கடுக்கும், அப்புறம் விரல் இருப்பதே தெரியாது. பாண்டியம்மாளும் மற்ற பெண்களும் முழங்கால் ஆழத்தில் நின்று மிதித்து, அலசி, கூடையில் வாரிப் போட்டார்கள். அவள் புருஷன் அழகுமலை மூட்டைகளைத் தைத்துத் தன் பழைய பிக்கப்பில் ஏற்றினான். கண் மட்டும் பக்கத்தில் நின்ற புது வண்டியை விட்டு நகரவில்லை.

அது மகேந்திரன் ஓட்டும் வண்டி. முதலாளி தனசேகர் அதை வாங்கி வந்த அன்று, சாவி தன் கைக்குத்தான் வரும் என்று அழகுமலை சட்டை மாற்றிக்கொண்டு போய் நின்றான். சாவி போனதோ, சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த மகேந்திரனுக்கு. அன்று பிடித்த பொச்சரிப்பு இன்னும் இறங்கவில்லை. அவன் சிரித்தாலும் எரிந்தது, "அண்ணே" என்று கூப்பிட்டாலும் எரிந்தது. பாவி, மரியாதைக்காரனாகவும் இருந்து தொலைத்தான்.

சில நாளாகவே அந்த வண்டி மக்கர் செய்தது. சூடேறினால் மேட்டில் இழுவை செத்துவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மகேந்திரன் சொல்லிப் பார்த்தான். லோடு நிற்கக் கூடாது என்று விட்டார் தனசேகர். அன்று கூக்கால் தோட்டத்தில் அடுத்த லோடு ஏற்றித் திரும்பும்போது ஏற்றத்தில் என்ஜின் அணைந்தது. மூட்டைகளின் மேல் பாண்டியம்மாளும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். வண்டி பின்னால் உருள, மிதித்த பிரேக் கல்லாய் இறுகி, பிடிக்காமல் போயிற்று. மகேந்திரன் ஸ்டீரிங்கை ஒடித்து மலைச்சுவரில் கொண்டுபோய் முட்டினான். மறுபக்கம் பள்ளம்.

பாண்டியம்மாளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. "அந்தத் தம்பி இல்லாட்டி இந்நேரம் எனக்குப் பால் ஊத்திருப்பீங்க," என்றாள் புருஷனிடம்.

பெண்டாட்டி பிழைத்தாளே என்ற நிம்மதிக்கு முன்னால், இவளும் அவனைப் புகழ்கிறாளே என்ற எரிச்சல்தான் வந்தது. வெட்கமாக இருந்தது. எரிச்சல் என்னவோ போகவில்லை.

பழைய வண்டியில் கயிறு கட்டிப் புது வண்டியை அட்டுவம்பட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனது அழகுமலைதான். வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்துக் காட்டினான்.

தனசேகரும் மகேந்திரனும் பக்கத்தில் நிற்க, மெக்கானிக் சுகன்யா ஸ்கேனரை மாட்டினாள். வண்டி ஒரு நேரம் பதில் சொன்னது, ஒரு நேரம் சொல்லவில்லை. பேட்டரி, ஃப்யூஸ், வயர், எர்த் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு என்ஜினை ஓடவிட்டு, அதை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஹேர் ட்ரையரால் சூடு காட்டினாள். என்ஜின் திணறி நின்றது. ஆறவிட்டாள், கிளம்பியது. கழற்றித் திறந்தாள்.

"பெட்டிதான் சார் போச்சு. உள்ள கருகிக் கெடக்கு. வண்டியில வெல்டிங் வெச்சீங்களா? பேட்டரி வயரைக் கழட்டாம வெச்சா இப்படி ஆகலாம்."

தனசேகர் அசரவில்லை. "அதெல்லாம் இல்லம்மா. இவன் ஓடைத் தண்ணிக்குள்ள விட்டு ஏத்திருப்பான்."

"தண்ணியில விடலைங்க மொதலாளி. நீங்க வெல்டிங் வெச்சுப் பக்கக் கம்பி ஒசத்துனப்ப நான் லீவுல இருந்தேன். இல்லாததக் கதைக்க வேணாங்க," என்றான் மகேந்திரன்.

"எங்கிட்டயே வாயா? பெட்டிக்கு ஆகுற காசை வெச்சிட்டுக் கெளம்பு. ஒனக்கு இனி இங்க சோலி இல்ல."

அழகுமலை தரையைப் பார்த்தான். மூட்டை கூடுதலாக அடுக்கத்தான் பக்கக் கம்பியை உயர்த்தினார் தனசேகர். வெல்டிங் வைக்கும்போது கம்பியைப் பிடித்து நின்றவன் அழகுமலை. பேட்டரியைக் கழற்றட்டுமா என்று வெல்டர் கேட்டதற்கு, "பழைய வண்டிக்குக் கழட்டுனமா? வெரசா முடி," என்றார் தனசேகர். புது வண்டிக்குக் கழற்ற வேண்டும் என்று அழகுமலைக்குத் தெரியும். மகேந்திரன் வண்டிதானே, எக்கேடும் கெடட்டும் என்று வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் புதுப் பெட்டி வந்தது. சுகன்யா அதை மாட்டி, வண்டிக்கும் சாவிக்கும் பொருந்த புரோகிராமைப் பதிவேற்றினாள். ஒரே திருகலில் என்ஜின் பிடித்தது. தனசேகர் சாவியை அழகுமலை கையில் வைத்தார்.

"இனி நீதாம்லே ஓட்டணும். காலையில வெல்டர் வர்றான், இன்னும் ஒரு கம்பி ஏத்திக்கலாம். எவன் கேட்டாலும், மகேந்திரன் தண்ணியில விட்டான்னு சொல்லு."

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. லோடு பார்க்கக் கூக்காலுக்கு விசிலடித்துக்கொண்டுதான் போனான். திரும்பும்போது அந்த ஏற்றத்தில், மலைச்சுவரில் வண்டியின் வெள்ளைப் பெயின்ட் இழுபட்டிருந்த இடத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. இறங்கினான். பள்ளத்தில் சிதறிய கேரட்டை மாடு மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு கம்பி. பாண்டியம்மாள் இன்னும் ஒரு மூட்டை உயரத்தில் உட்கார்ந்து வருவாள். ஓட்டுகிறவன் அழகுமலையாக இருப்பான், ஏதாவது ஆனால் குற்றமும் அவன் தலையில்தான் விழும். விசில் நின்றுவிட்டது.

அடுத்த விடியலில் தனசேகர் வெல்டரோடு ஓடைக்கு வந்தார். வேலை கேட்டு மகேந்திரனும் வந்து ஓரமாக நின்றான். பெண்கள் கழுவி முடித்த கேரட் மூட்டைகளாக அடுக்கியிருந்தது.

"கம்பி ஏத்த வேணாங்க மொதலாளி," என்றான் அழகுமலை. "ஏத்துனத வெட்டி எடுங்க. பெட்டி கருகுனது வெல்டிங்ல. நான் கம்பியப் பிடிச்சிட்டு நின்னேன். கழட்டணும்னு தெரிஞ்சும் சொல்லல. இவன் மேல இருந்த பொறாமைங்க."

மகேந்திரன் அவனை வெறித்துப் பார்த்தான். "அக்கா மூட்டை மேல ஒக்காந்து வர்ற வண்டிண்ணே," என்று மட்டும் சொன்னான்.

"சாவியக் குடுத்துட்டு நீயும் போலே. மலையில டிரைவருக்கா பஞ்சம்?" என்றார் தனசேகர்.

பாண்டியம்மாள் ஓடையிலிருந்து ஏறி வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "டிரைவர் வருவாங்க மொதலாளி. லோடு ஏத்த யாரு வருவா? கம்பிய வெட்டி, அந்தத் தம்பிக்கு வேலையத் திருப்பிக் குடுத்து, பெட்டிக் காசு அவன் தலையில இல்லன்னு சொல்லுங்க. அப்பறம் ஏத்துறோம்."

"சரக்கு வீணாப் போயிரும்."

"மண்ணோட இருந்தாத் தாங்கும். கழுவுன கேரட்டு வெயிலுக்குத் தாங்காது. அது ஒங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்."

ஒவ்வொருத்தியாகத் தண்ணீரைவிட்டு ஏறி வந்து மூட்டைகளில் உட்கார்ந்தார்கள். வெல்டர் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினான். தனசேகர் வேறு ஆள் தேடிப் போனை எடுத்தார். ஓடைப் பள்ளத்தில் டவர் எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே மேட்டில் ஏறினார். ஆள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

அழகுமலை சாவியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். உட்கார இடம் தேடினான். மகேந்திரன் அவன் முகத்தைப் பார்க்காமலே மூட்டையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

பாண்டியம்மாள் தூக்குச்சட்டியிலிருந்து டீ ஊற்றினாள். முதல் டம்ளரை மகேந்திரனிடம்தான் நீட்டினாள். அழகுமலைக்கு வயிறு எரியத்தான் செய்தது. எரிந்தால் எரியட்டும் என்று, மகேந்திரன் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தே இருந்தான்.