கேன் மன்னன்

பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த ரத்தப் பரிசோதனை லேப் வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

மச்சினி பஸ்ஸுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியபோது, வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அக்காள் புருஷன். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். ஊரே அவரை டர்போ என்றுதான் கூப்பிடும். அது கிண்டல் என்று ஊருக்கே தெரியும், அவரைத் தவிர.

"நம்ம கார் இருக்கும்போது பஸ்ஸா? அத்தான் எதுக்கும்மா இருக்கேன்?"

"அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்" என்றாள் அவர் மனைவி, உள்ளேயிருந்து.

கிளம்புவதற்கு முன் டர்போ பானெட்டைத் திறந்தார். தினமும் நடக்கும் தரிசனம் அது. உள்ளே பளபளவென்று ஒரு அலுமினிய டப்பா. ஆயில் கேட்ச் கேன்.

என்ஜினின் அடிவயிற்றிலிருந்து எண்ணெய்ப் புகை கிளம்பும். விட்டால் அது காற்று போகும் குழாய்க்குள் நுழைந்து பிசுக்காய்ப் படியும். நடுவழியிலேயே அதை மடக்கிப் பிடிப்பது இந்தக் கேனின் வேலை. நல்ல சாமான்தான். அவ்வப்போது அடியிலுள்ள திருகைத் திறந்து காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் டர்போ ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் சொல்லிச் சொல்லி, மச்சினிக்கே மனப்பாடம்.

ஆனால் டர்போ காலி செய்யவில்லை. காரணம், போட்டி.

கார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எவன் கேனில் எண்ணெய் அதிகமோ அவனே கேன் மன்னன். அதாவது, எவன் என்ஜின் அதிகம் தேய்ந்து எண்ணெயைக் கக்குகிறதோ அவனுக்கு மகுடம். அதிகமாகச் சளி துப்புகிறவனுக்கு ஆரோக்கியப் பதக்கம் மாட்டுகிற கூட்டம்!

"கழுத்து வரைக்கும் வந்திருச்சு பாத்தியா? ஞாயித்துக்கிழமை மகுடம் எனக்குத்தான்."

"அத்தான், நிரம்பினா இறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மத்தவங்களுக்கு."

கார் கிளம்பியது. ஊரைத் தாண்டும் வரை டர்போ வாய் ஓயவில்லை. பிறகு மேம்பாலம் வந்தது. செங்குத்தான ஏற்றம். டர்போ வீரமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கேன் தளும்பியது. என்ஜின் ஒரே மூச்சில் அந்தக் கறுப்புச் சாற்றை உறிஞ்சியது.

படார்!

பின்னால் நீலப் புகை. பாலத்தையே காணோம்.

"என்ன சார், கொசு மருந்து அடிக்கிறீங்களா?" லாரிக்காரர் ஒருவர் இருமிக்கொண்டே கத்திவிட்டுப் போனார்.

கார் குலுங்கியது. விக்கியது. நின்றது.

டர்போ ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினார். என்ஜினைப் பார்க்கவில்லை. கேனைப் பார்த்தார். "ஐயோ, மேல கொஞ்சம் குறைஞ்சிருச்சே!"

மச்சினி போனில் மணியைப் பார்த்தாள். பாலத்தின் மேல் பஸ் நிற்காது. "மீதியையும் இறக்குங்க அத்தான். அப்பதான் வண்டி கிளம்பும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறும்மா..."

"ஞாயித்துக்கிழமை உங்க கடையில எனக்கு வேலை போட்டுக் கொடுப்பீங்களா?"

அவள் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு திருகில் கை வைத்தாள். டர்போ அலறிக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்து, அடியில் ஏந்தினார். குடிக்கிற தண்ணீர் சாலையில் ஓடியது. கரிக்குழம்பு பாட்டிலுக்குள் பத்திரமாய் இறங்கியது. அருமையான புத்தி.

திருகை மூடி, பானெட்டை இறக்கிவிட்டு அவள் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். இருமல். இன்னொரு இருமல். பிறகு உயிர் வந்தது. புகை மெல்ல இளைத்தது.

"ஏறுங்க அத்தான்!"

டர்போ பாலத்துச் சுவரில் பாட்டிலை நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மூடிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம்மா. வெளிச்சம் சரியா விழல."

"அத்தான்!"

"இந்தா, ஒண்ணே ஒண்ணு..."

அவள் கிளம்பிவிட்டாள்.

படம் குழுவுக்குப் போனது. பதிலும் உடனே வந்தது: 'கேனுக்குள்ள இருந்தாதான் கணக்கு. பாட்டில் செல்லாது.'

பாட்டிலும் கையுமாக அவர் பாலத்தை விட்டு இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது, மனைவியின் போன்.

"அவ நேரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டாளாம். நீங்க எங்க நிக்கிறீங்க?"

"பஸ் ஸ்டாப்ல."

"கார் வெச்சிருக்கிற அத்தானா?" போன் சிரித்துவிட்டு அணைந்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "என்ன சார் இது நாத்தம்? அதைக் கீழ வெச்சுட்டு ஏறுங்க."

டர்போ பாட்டிலைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பஸ் போய்விட்டது.