நாற்காலியை விட்டு எழும்பாமல் நாற்பதாயிரம் வீடு

1

ஒரே பிற்பகலில் நாற்பதாயிரம் உறவினர் வீடுகளுக்குப் போய், ஹனோவரில் என் நாற்காலியை விட்டு எழும்பாமலே திரும்பி வந்தவன் நான்.

[இந்த வரியை வெட்டச் சொல்கிறார் என் மனைவி நேசமலர். கதை பிறந்ததே இந்த வரியில்தான். "நான்" என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். இனி அவர் இராசலிங்கம்: ஓய்வுபெற்ற மென்பொருள்காரர், நேசமலரின் கணவர், என்னைவிட இரண்டு அங்குலம் உயரம்.]

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை... வேண்டாம். மழையே இல்லை.

இளைய மகள் பிரபாலினியின் கலியாண அழைப்புப் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் தயாராக வேண்டும். மூத்தவளின் கலியாணத்துக்கு நேசமலர் நினைவிலிருந்து பட்டியல் எழுதியதில், பான் நகரில் இருக்கும் சித்தப்பா மகன் மதிசுதன் விடுபட்டுப்போனான். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அந்த வீட்டில் இன்னொரு பிழை விட்டால் உறவு அவ்வளவுதான்.

இந்த முறை கணினி தேடட்டும் என்றார் இராசலிங்கம். ஓய்வுபெற்ற நாள் முதலாய்ச் சொந்தபந்தம் முழுவதையும் அதில் பதிந்து வைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, உங்கட பெட்டிக்கு எங்கட ஆக்களைத் தெரியுமோ?"

3

கணினிக்கு அவர் எழுதிக்கொடுத்த விதி எளிது. ஒரு வீட்டுக்குப் போ. அந்த வீட்டாரின் உறவினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் இதே விதிப்படி போ. முடிந்ததும் திரும்பி வா. விதி தன்னையே அழைக்கும்.*

மச்சானும் மச்சாளும் கட்டிய குடும்பங்கள் அல்லவா? போன வீட்டுக்கே வேறு வழியால் திரும்பத் திரும்ப வந்தது. ஆயிரமாவது வீட்டில் அவர் எழுதிய நிரல் செயலிழந்து விழுந்தது. போன வீடுகளுக்கு அடையாளம் இட்டார். சுற்றுவது நின்றது, ஆனால் சங்கிலி நீண்டுகொண்டே போக, மறுபடி விழுந்தது.

* பாதி குடித்த தேநீரைக் கையில் ஏந்தியபடியே கணினி அடுத்த வீட்டுக்குப் போகிறது என்று வையுங்கள். கோப்பைக்கு மேல் கோப்பை. ஒரு கட்டத்தில் அடுக்கு சரியும்.

இந்த விளக்கத்தைக் கேட்ட நேசமலர் சொன்னார்: "குடிச்சு முடிச்சிட்டு, அடுத்த விலாசங்களை ஒரு தாளிலை எழுதிக்கொண்டு எழும்பலாமே?"

[இதைத் தானே யோசித்ததாக இராசலிங்கம் முதல் வரைவில் இருந்தார். திருத்திவிட்டேன்.]

விதி தன்னையே அழைப்பதை நிறுத்தினார். போகவேண்டிய விலாசங்களுக்கு ஒரு பட்டியல். மேலே இருப்பதை எடு, போ, அங்கே கிடைக்கும் புதியவற்றைச் சேர், பட்டியல் வெறுமையாகும்வரை. கையில் எப்போதும் ஒரே கோப்பை. நிரல் விழாமல் ஓடி முடிந்தது.

4

ஜெர்மனியில் இருப்பவர்கள் மட்டும் தாளில் இறங்கினார்கள். நேசமலரின் விரல் ஒவ்வொரு பெயராக வந்து வெரோனிக்காவில் நின்றது. மதிசுதனின் மாமியார். போன வருடம் மன்னாரிலிருந்து வந்து அவனோடுதான் இருக்கிறார்.

"இவவை விட்டுட்டு அவனை மட்டும் கூப்பிட்டிருப்பன்," என்றார் நேசமலர் மெதுவாக.

5

முடிவு ஒன்று: மதிசுதன் குடும்பமாக வந்து முதல் வரிசையில் இருக்கிறான். முடிவு இரண்டு: மாமியார் மட்டும் வருகிறார், அவன்...

தெரியாது. நாளைதான் பானுக்கு நேரில் சொல்லப் போகிறார்கள். மதிசுதன் கதவைத் திறப்பானா இல்லையா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

[கடைசி வரைவின் ஓரத்தில், நேசமலரின் கையெழுத்தில்: நாற்பதாயிரம் பொய். கணினி காட்டினது மூவாயிரத்து நூற்றிப் பன்னிரண்டு. ஆனா எழும்பாமல் போய்வந்தது உண்மைதான். நான் பக்கத்திலை இருந்தனான்.]