கதவடியில் ஒரு விரல் இடைவெளி

மச்சான் அந்த மைக்கை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு சின்ன அறையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது, தையல்காரர் தன் மனைவியின் மேல் போர்த்தியிருந்த துணியில் ஒரு சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது பதினோராவது தடவை. சுருக்கம் எப்போதோ போய்விட்டது. விரல்தான் நிற்கவில்லை.

"மாப்ளே, இதுக்கு வயரை எங்க சொருகணும்?"

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் இருந்தவரை அந்த மைக்கை இன்னொரு கை தொட்டதில்லை. தூசிகூட அனுமதி கேட்டுவிட்டுத்தான் அதன்மேல் உட்காரும்.

மச்சானின் சட்டைப்பையில் மடித்த காகிதக் கத்தை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு மூத்த அண்ணன் அவர். ஊரில் 'மேடை' என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். ஒருவருடைய பணிநிறைவு விழாவில் அவர் பேசத் தொடங்கி முடிப்பதற்குள் அந்த மனிதருக்கு இரண்டாவது மாத ஓய்வூதியமே வந்துவிட்டது என்பார்கள்.

'மைக் வேண்டாம் மச்சான்.' மூன்றே வார்த்தைகள்தாம். தொண்டைவரை வந்து அங்கேயே குந்திக்கொண்டன. ஏனென்றால், மைக் வேண்டாம் என்று சொன்னவள் அவள். போன செவ்வாய்க்கிழமைதான் சொன்னாள். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சின்ன அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை வெளியிலிருந்து கேட்டுவிட்டதை இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

அந்த அறை உண்டானதே ஒரு கதை. அவள் முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். அவள் 'புறப்படத் தயாராக உள்ளது' என்றால், பழுதாகி நிற்கிற வண்டிகூட ஒருமுறை உறுமிப் பார்க்கும். ஓய்வு பெற்றதும், பார்வையற்றோர் நூலகம் ஒன்றிலிருந்து புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து தரச் சொன்னார்கள். பெட்டியும் படுக்கையும் கிடந்த அறையைக் காலிசெய்து முதல் அத்தியாயத்தை வாசித்தாள். போட்டுக் கேட்டால், நான்கு மொட்டைச் சுவர்களும் அவளோடு சேர்ந்து வாசித்திருந்தன.

"ஏங்க, கிணத்துல விழுந்தவ உதவிக்குக் கூப்பிடற மாதிரி இல்ல இருக்கு!"

முட்டை அட்டையை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு மாதம் மூன்று வேளையும் முட்டை. தையல்காரர் விடியற்காலையில் தானாகவே கூவ ஆரம்பித்துவிடுவார் போலிருந்தது. சுவரெல்லாம் அட்டை. கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு வந்து குடியேறின. எதிரொலி மட்டும் இம்மியும் நகரவில்லை.

அப்புறம்தான் தச்சர் வந்தார். பதினான்கு மரச் சட்டங்கள் அடித்து, உள்ளே எதிரொலியை உறிஞ்சுகிற கனிமக் கம்பளியை நான்கு விரற்கடை கனத்துக்கு அடைத்தார். உறை தைத்தது தையல்காரர். வாழ்நாளில் முதல்முறையாக, இடுப்பு பெருக்காத வாடிக்கையாளர்கள்! எந்தச் சட்டத்தை எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்கக் கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுவந்து சுவரோடு நகர்த்தச் சொன்னார் தச்சர். அவள் நாற்காலியிலிருந்து பார்ப்பாள். கண்ணாடியில் மைக் தெரிகிற இடத்தில்தான் குரல் பட்டுத் திரும்பும், அங்கே ஒரு சட்டம். மூலைகளில் தடிமனாக நான்கு. தலைக்குமேல் தொங்கவிட ஒன்று. கடைசியில் அவள் நடுவில் நின்று கை தட்டினாள். சத்தம் 'டப்' என்று விழுந்து அங்கேயே அடங்கிவிட்டது.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனிமே உள்ள குண்டு வெடிச்சாலும் வெளியில கேக்காது!" என்று தெருவுக்கே அறிவித்தாள்.

மூன்றாம் நாளே தையல்காரருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அந்தக் கதவை ஒட்டித்தான் அவருடைய தையல் இயந்திரம். கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், அது சட்டம். அப்படி அவர் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது உள்ளே அத்தியாயம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்தது, இஸ்திரி போட்ட மாதிரி ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக:

"தல வலிக்குது. ஒரு டீ கெடச்சா நல்லாருக்கும். இந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்க தோணப்போகுது? இடியே விழுந்தாலும் குனிஞ்சு காஜா எடுத்துக்கிட்டு இருப்பாரு."

அவர் எழுந்தார். ஒரு கால் குட்டையான அந்த ஸ்டூல் 'கிரீச்' என்றது. அவள் வெளியே வந்தபோது டீ தயாராக இருந்தது.

"ஏங்க! எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சே. தெரியாதா?"

அந்தப் பொய் ஆறு வருடம் வளர்ந்தது. சொட்டிய குழாய் நின்றது. பல் துலக்கும்போது அவர் எழுப்பும் சிங்க கர்ஜனை நின்றது. ஜன்னல் திரை அவள் நினைத்த நிறத்துக்கு மாறியது. மனைவியின் மனதைப் படிக்கிற மகான் என்று பேர் பரவி, அடுத்த தெருக்காரி ஒருத்தி தன் புருஷனை அவரிடம் பயிற்சிக்கே அனுப்பினாள். அவன் பித்தான் தைக்கக் கற்றுக்கொண்டு திரும்பிப் போனான்.

அனுப்புமுன் தன் சொந்தப் பேச்சை அவள் வெட்டிவிடுவாள். ஆனாலும் ஒருமுறை நூலகத்திலிருந்து போன் செய்து, அத்தியாயம் முடிகிற இடத்திலெல்லாம் 'கிரீச்' என்று ஏதோ கேட்கிறதே என்றார்கள். தையல்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அவளோ, "வீட்ல வளக்கற பறவைங்க, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஸ்டூலைச் சரிசெய்யத் தச்சர் கேட்டபோதும் "ராசியான ஸ்டூல், தொடாதீங்க" என்றாள். தப்பித்தோம் என்று அவர் மூச்சு விட்டார்.

ஆனால் ஒவ்வொரு டீயோடும் ஒரு ஊசி உள்ளே குத்திக்கொண்டேதான் இருந்தது. தனியாக இருப்பதாக நினைத்துப் பேசுகிறவளை ஒட்டுக்கேட்கிறோமே. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தார். சொன்னால் அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள். அவர் மறுபடி மரக்கட்டையாகிவிடுவார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்கள் போயின. இன்று விடியற்காலையில், வாழ்நாளில் முதல்முறையாகச் சத்தமே போடாமல், தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள்.

"ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு..." மச்சான் மைக்கை விரலால் தட்டினார். எப்படியோ ஒரு ஒலிபெருக்கியில் சொருகிவிட்டிருந்தார். கத்தையை எடுத்து விரித்தார். பதினான்கு பக்கம். "எனது அருமைத் தங்கை பிறந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது..."

பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறார்! தையல்காரர் எழுந்து நின்றார்.

"மைக் வேண்டாம் மச்சான்."

"என்ன மாப்ளே?"

"பேச வேண்டாம். ரெண்டு நிமிஷம் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தா போதும். அவ அப்படித்தான் சொன்னா."

"எப்ப சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

தலைமாட்டிலிருந்த மகள் நிமிர்ந்தாள். "அம்மா உங்ககிட்ட இதெல்லாம் பேசினாங்களாப்பா? எப்போ?"

கூடமே அவர் வாயைப் பார்த்தது. மகானின் முதுகில் வேர்வை ஓடியது.

"என்கிட்ட சொல்லல. போன செவ்வாக்கெழம அந்த ரூமுக்குள்ள சொன்னா. 'நான் போனா அண்ணன் கையில மைக்கக் குடுத்துறக் கூடாது, அவன் பேச ஆரம்பிச்சா நானே எந்திரிச்சு நடந்துருவேன்'னு." அவர் தரையைப் பார்த்தார். "'இந்த மனுஷன் மூக்கு சிந்தினா ஊருக்கே கேக்கும், பாக்கெட்ல கைக்குட்ட இருக்கணும்'னும் சொன்னா. நான் ஸ்டூல்ல உக்காந்து கேட்டேன். ஆறு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு மனசெல்லாம் படிக்கத் தெரியாது. காது கேக்கும், அவ்வளவுதான். வெளியில கேக்குதுன்னு அவகிட்ட சொல்லவே இல்ல. ஏமாத்திட்டேன்."

வாசல் பக்கம் ஒரு இருமல் கேட்டது. தச்சர். வந்ததிலிருந்து அந்தச் சின்ன அறைக் கதவின் கீலையே பார்த்துக்கொண்டு நின்றவர்.

"ஐயா, அது அம்மாவுக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"வெளியில கேக்கும்னு. அந்தக் கம்பளி உள்ள எதிரொலியத்தான் குடிக்கும், சத்தத்த நிறுத்தாதுன்னு மொத நாளே சொன்னேன். கதவுக்கு அடியில ஒரு விரல் போற அளவு சந்து. அதுக்கு ரப்பர் பட்ட வாங்கிட்டு வந்தேன். ஒட்டறதுக்கு முன்னால, 'கொஞ்சம் வெளியில நில்லுங்க'ன்னாங்க. உள்ள போய் கதவச் சாத்திக்கிட்டு என்னமோ பேசினாங்க. வந்து, 'தெளிவா கேட்டுச்சா'ன்னு கேட்டாங்க. 'ஒரு எழுத்து விடாம கேக்குதும்மா, ரப்பர் போட்டா பாதியாக் கொறஞ்சுரும்'னேன். 'அப்ப வேண்டாம், குடுங்க, நானே வெச்சுக்கறேன்'னு வாங்கிக்கிட்டாங்க."

"வெளியிலன்னா, எங்க நின்னீங்க?"

தச்சர் தயங்கினார். "நிக்கலீங்க. அந்தத் தையல் மெஷின் ஸ்டூல்ல உக்காரச் சொன்னாங்க."

தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆறு வருடத்து ஊசி வலிக்காமல் கழன்று விழுந்தது. அழுகை வருகிறது என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பாக வந்தது. மகளும் சிரித்துவிட்டாள். கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது. எடுத்து மூக்கைச் சிந்தினார். மைக் அணைக்கப்படாததால் அது உண்மையிலேயே ஊருக்குக் கேட்டது.

மச்சான் மைக்கையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "கள்ளி," என்றார் மெதுவாக. பதினான்கு பக்கங்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கலந்துகொண்டவற்றிலேயே குறுகிய நிகழ்ச்சி அதுதான். இரண்டு நிமிடம், ஒரு சொல்.

எல்லாம் முடித்துத் திரும்பியபோது பிற்பகல். வீட்டில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார வேறு இடமில்லாமல் மகள் தையல் இயந்திரத்தின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, நூற்கண்டு ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

தையல்காரர் மைக்கைச் சின்ன அறைக்கு எடுத்துப்போய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்தார். பென்சில்களுக்குப் பின்னால், நன்றாகச் சுருட்டி நூல் கட்டிய ரப்பர் பட்டை. பசைமேல் ஒட்டியிருந்த காகிதம் உரிக்கப்படவே இல்லை. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கேயே போட்டு இழுப்பறையை மூடினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருமுறை கை தட்டினார். டப்.

பிறகு, தான் தைத்த உறைகளைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் சொன்னார்:

"தல வலிக்குது. ஒரு டீ கெடச்சா நல்லாருக்கும்."

வெளியே ஸ்டூல் 'கிரீச்' என்றது.