வரைவோர் குழுவில் ஒரு பெயர்

“ஆபீஸ் கோப்பு எல்லாத்துக்கும் சாவி இனிமே உன்கிட்டதான்.”

“எல்லாத்துக்குமா?”

“யார் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாதுன்னு நீதான் சொல்லணும். மகாராணி!”

கல்யாணமான மறுமாதம் கணவன் சொன்னது. நான்கு வருடமாகிவிட்டது. கட்டடக் கலை படித்துவிட்டு வந்தவள், மாமனாரின் வடிவமைப்பு அலுவலகத்தில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை; வா என்றும் சொன்னதில்லை. கம்ப்யூட்டரில் யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதே அவள் வேலையாகிப் போனது.

இன்றைக்கு அதுவே தலைவலி. மாடிப்படிப் படத்தைப் பதினோரு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். கணவனுக்கு அது இருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை.

“என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. இப்படியா பூட்டி வைப்பே?”

“சும்மா இருங்க. வரைவோர் குழுவுல உங்க பேர் இருக்கு, அனுமதியும் இருக்கு. ஆனா திறக்க மாட்டேங்குது. எனக்கே தலையும் புரியலை, வாலும் புரியலை.”

பெயரை எடுத்து மறுபடி போட்டாள். அசையவில்லை. அவனுக்கென்று தனியாக அனுமதி கொடுத்தாள். ஊகூம். கோளாறு ஃபோல்டரிலா, அவனிடமா என்று பார்க்கத் தன் பெயரில் திறந்தாள். ‘அனுமதி இல்லை.’ அவள்தான் அந்தக் குழுவிலேயே இல்லையே! தெரிந்ததுதான், இருந்தும் சுருக்கென்றது.

கடைசியில் பிடிபட்டது. போன மாதம் அவன் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, அவனை ‘நீண்ட விடுப்பு’ குழுவில் அவளே சேர்த்திருந்தாள். ஒரு குழு ‘கூடாது’ என்றால், பத்துக் குழு ‘ஆகட்டும்’ என்றாலும் செல்லாது. அங்கிருந்து நீக்கியதும் படம் திறந்தது.

“அப்படியே வரைவோர் குழுவுல உன் பேரையும் சேர்த்துக்கோயேன். அடுத்த தடவை சோதிக்க வசதியா இருக்கும்” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சேர்த்தாள். ‘உங்களுக்கு நீங்களே அனுமதி தர இயலாது. இன்னொரு நிர்வாகிக்குக் கோரிக்கை அனுப்பப்பட்டுள்ளது.’

இன்னொரு நிர்வாகியா? அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி மாமனார் தன் அறையிலிருந்து வந்தார்.

“ஏம்மா, உன்னை வரைவோர் குழுவுல சேர்க்கவான்னு எனக்கு வந்திருக்கே? ஒண்ணும் புரியலை. கை தவறிப் பட்டுடுச்சா? வேண்டாம்னு போட்டுடவா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவள் எழுந்து நின்றாள்.

“கை தவறலை மாமா. நானும் படம் வரையணும். என்னையும் சேர்த்துக்கோங்க.”