வருத்தம் கடுமை, உடனை வாங்கோ

கணவனின் கையை வெள்ளைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள் யோசப்பின். கை விறைக்கத் தொடங்கியிருந்தது. "மெல்ல, பாவெல்" என்று வழக்கம்போல ஜெர்மன்காரரின் டொச் மொழியில் சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழ, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிலின் மறுபக்கம் நின்று மறுகைப் பொத்தானைப் பூட்டிய தமக்கை புஷ்பமலர் கேட்டாள்.

"பாவெலின்ரை தம்பிக்காரனுக்கு என்னெண்டு சொன்னனி?"

"வருத்தம் கடுமை, உடனை வாங்கோ எண்டு."

"அதுதான் முறை. எவ்வளவு தூரம் கார் ஓடி வாற மனிசன். வேறை எப்பிடிச் சொல்லுறது?"

வாசலில் நின்ற மகள் மெலனிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அப்பா ஆறு மணிக்குச் செத்தவர். நீங்கள் போன் எடுத்தது எட்டு மணிக்கு. இது முறையில்லை, பொய்."

"யாழ்ப்பாணத்திலை ஆரடி செத்துப்போச்சு எண்டு போனிலை சொல்லுறது?"

"அவர் யாழ்ப்பாணமில்லை, பெரியம்மா. பிர்னோ. செத்தாச்சு எண்டால் ஆறுதலாய் வந்திருப்பார். கடுமை எண்டு சொல்லி அவரை இப்பப் பறக்க விட்டிருக்கிறியள்."

புஷ்பமலர் குனிந்து நெஞ்சுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினாள். 

முறை என்றது பாதி உண்மைதான். மற்றப் பாதி யோசப்பினுக்கு மட்டுமே தெரியும்.

பாவெலும் மிரெக்கும் செக்கோஸ்லோவாக்கியாவில் இரட்டையர் டெனிஸ் ஆடி வளர்ந்த சகோதரர்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டு ஜெர்மனிக்குப் போட்டிக்கு வந்த பாவெல் திரும்பிப் போகவில்லை. அடுத்த கிழமையே சொந்த ஊரான பிர்னோவில் தம்பியின் கடவுச்சீட்டைப் பறித்துவிட்டார்கள். பாவெல் நாடு நாடாகப் போய் ஆடினான். ஒருமுறை உலகத் தரவரிசையில் தொண்ணூற்று நாலாம் இடம்வரை ஏறினான். பிறகு முழங்கால் போய், கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கழகத்தில் பிள்ளைகளைப் பழக்கினான். அங்கே குசினியில் சமையல் வேலை செய்த அகதிப் பெட்டைதான் யோசப்பின். மிரெக்கோ பிர்னோவில் பஸ் ஓட்டினான். எல்லை திறந்து பதினாறு வருடத்தில் ஒரேயொரு தரம்தான் அண்ணனோடு கதைத்தான். "உன் சாவுக்கும் வரமாட்டேன்" என்று சொல்லி வைத்தவன்தான்.

சாவென்றால் வரமாட்டான். வருத்தம், நோய் என்றால் ஒருவேளை வருவான். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கடுமை என்று சொன்னாள்.

பிரேதம் எடுக்கிற பெட்டிக்காரரின் கார் ஐந்து மணிக்கு வரும். அதற்குமேல் வைத்திருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஒரு மணிக்கு மிரெக்கின் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள், பதிலில்லை. இரண்டு மணிக்கும் இல்லை. மெழுகுதிரியை இடம் மாற்றினாள். பாவெலின் சட்டைக் கொலரைத் திரும்பத் திரும்ப நீவினாள். தெருவில் கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள்.

"இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடியன், பிள்ளை."

"ஏலாது அக்கா. அவர் வாற வழியிலை எங்கையும் அடிபட்டிருந்தால்?"

கதவடியில் பாவெலின் டெனிஸ் சப்பாத்து இருந்தது. மூன்று கிழமைக்கு முன் பிடிவாதம் பிடித்து மைதானத்துக்குப் போய், மெலனியின் தோளைப் பிடித்து நாலு அடி வைத்தபோது ஒட்டிய செம்மண். கழுவ விடவில்லை அவன்.

அந்த மைதானத்துச் செம்மண்ணில் பந்து விழுந்த இடம் தடமாய்ப் பதியும். எதிராளி அடித்தது கோட்டுக்குள்ளேதான் என்று தெரிந்தால், நல்ல ஆட்டக்காரன் நடுவர் இறங்கி வரும்வரை நிற்கமாட்டான். தானே காலால் தடத்தை அழித்துவிடுவான். புள்ளி உனக்கு, இனி வழக்கில்லை என்று அர்த்தம். மெலனி மட்டையைப் பிடித்த அன்றே பாவெல் இதையும் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஐந்துக்குக் கால்மணி இருக்க அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நரைத்த பெரிய மனிதன். பாவெலின் அதே மூக்கு. மெழுகுதிரி வாசம் பட்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கி டொச்சில் சொன்னான்.

"எல்லையில் நின்றேன். ஒரு மணித்தியாலம். காரைத் திருப்பினேன். பிறகும் இந்தப் பக்கம் திருப்பினேன். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளா அண்ணன் போனது?"

 இப்படியொரு கணக்கை யோசப்பின் நினைத்தே பார்க்கவில்லை.

புஷ்பமலர் பின்னால் வந்து தமிழில் கிசுகிசுத்தாள். "இப்பத்தான் போனவர், உங்களைத்தான் கேட்டவர் எண்டு சொல்லு. ஆறுதலாய் இருக்கும்."

மெலனி தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை, மிரெக்" என்றாள் யோசப்பின், டொச்சில். "காலமை ஆறு மணிக்கே போயிட்டார். நான் போன் எடுக்கேக்கை அவர் இல்லை. சாவெண்டால் வரமாட்டியள் எண்டு பொய் சொன்னனான்."

"ஆறு மணி" என்றான் அவன். உதடு கணக்குப் பார்த்தது. "நான் பிர்னோவில் நித்திரை."

"ஓம்."

அவன் வெளிப்பக்கம் திரும்பினான். கை கதவுப்பிடிக்குப் போயிற்று. 

அவன் குனிந்தான். சப்பாத்துகளை எடுத்து, ஆட்டம் முடிந்தவன் தட்டுவதுபோல ஒன்றோடொன்று தட்டினான். வெள்ளைத் தரையில் செம்மண் ஒரு பிடியளவு உதிர்ந்தது.

மெலனி துடைப்பம் எடுத்து வந்தாள்.

மிரெக் அந்தச் சிவப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலை நீட்டி, அடியால் இருதரம் தேய்த்து அழித்தான். தன் சப்பாத்தைக் கழற்றி அண்ணனுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

மெலனி துடைப்பத்தைச் சுவரோடு சாத்தினாள்.

கீழே ஒரு கார் வந்து நின்றது. யோசப்பின் ஜன்னலுக்குப் போகவில்லை. ஆறிப்போன தேத்தண்ணிக்கு முன்னால், கதிரையில் இருந்தாள்.