கசிந்த ஒன்பது பம்புகள்

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. கணபதி என்ற ஊரில் ஒரு சின்ன பம்பு கம்பெனியின் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இளவேனில் கேட்டாள்.

"நீங்க கதை எழுதறவங்கதானுங்க அக்கா. இதையும் எழுதுங்க. ஆனா நடந்த மாதிரியே எழுதோணுமுங்க."

நடந்த மாதிரியே எழுதி எனக்குப் பழக்கமில்லை. முதல் நாள் மூன்று தொடக்கங்கள் போட்டுப் பார்த்தேன்.

'ஆங்கில இலக்கணத்தில் சில தொடர்கள் ஒரு பெயரைப் பிடித்து, எது, யார் என்று—' (பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விட்டேன்.)

'கொச்சித் துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பல் கிளம்பியபோது—' (நான் கொச்சித் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை.)

'யாரோ ஒருவர் செய்த சிறு தவறால்—'

மூன்றாவதை அடிக்க மனம் வரவில்லை. கதைக்கு நல்ல தொடக்கம்தான். அந்த யாரோ ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அதில் கோளாறு.

2

யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

நான் கோமளா. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கம்பெனிக்குப் போய் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பேன். கம்பெனி தனபால் என்பவருடையது. முப்பத்துச் சொச்சம் பேர் வேலை செய்கிறார்கள்.

இளவேனிலுக்கு இருபத்தொன்பது வயது. ஏழு வருடங்களுக்கு முன் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டச் சேர்ந்தவள். தபால் வழியில் பி.காம். முடித்து, இப்போது சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள்.

[இந்த இடத்தில் 'அன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் பிறந்த இளவேனில்' என்று முதலில் எழுதியிருந்தேன். பிரதியைப் படித்தவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "எந்த இளவேனில்னு தெரியறதுக்கு இது வேணுங்களா அக்கா? நம்ம ஆபீஸ்ல நான் ஒருத்திதானுங்களே." எடுத்துவிட்டேன். எடுத்ததைச் சொல்லலாமா என்று கேட்டபோது, "அது வேறங்க, சொல்லுங்க" என்றாள்.]

3

கென்யாவில் நகுரு என்ற ஊரில் கிப்ரோனோ என்று ஒரு வியாபாரி. அவர் இருநூற்று நாற்பது பம்புகள் கேட்டிருந்தார். தனபாலுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். அங்கே மழை நின்று, தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கத் தொடங்குவதற்குள் பம்புகள் போய்ச் சேர வேண்டும். கடைசிச் சோதனையில் ஒன்பது பம்புகளில் சீல் என்கிற அடைப்பு வளையம் வழியே தண்ணீர் கசிந்தது. தனபால் அந்த ஒன்பதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதி இருநூற்று முப்பத்தொன்றைக் கப்பலேற்றினார். கப்பல் காகிதங்கள் கைக்கு வர ஒரு வாரமாகும். அதற்குள் விஷயத்தைச் சொல்லி ஒரு மெயில் போடும்படி இளவேனிலிடம் சொன்னார்.

அவள் எழுதியது சின்ன மெயில். அதில் முக்கியமான வாக்கியம் இது: 'த பம்ப்ஸ் விச் லீக்டு இன் டெஸ்டிங் ஹேவ் நாட் பீன் ஷிப்டு.' சோதனையில் கசிந்த பம்புகள் அனுப்பப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அது திருத்தத்துக்கு வந்தது. அந்த வாக்கியத்தில் இரண்டு காற்புள்ளிகள் சேர்ந்துவிட்டன.

[சேர்ந்துவிட்டன. தமிழில் இப்படி ஒரு வசதி. செய்த ஆள் இல்லாமலே எல்லாம் நடந்துவிடும். இந்த வரியை அப்படியே விட்டுவைக்கிறேன், என் லட்சணம் தெரியட்டும் என்று.]

நான்தான் போட்டேன். 'பம்ப்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்று, 'டெஸ்டிங்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்று.

இளவேனில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, இங்க கமா வேணுங்களா? இல்லாமயே சரியாத்தான் இருக்குற மாதிரி தெரியுதுங்க."

"நீளமான வாக்கியம் இளவேனில். மூச்சு விட இடம் வேண்டாமா?"

அவள் 'சென்ட்' பட்டனை அழுத்தினாள்.

தமிழில் 'கசிந்த பம்புகள்' என்று சொன்னால் கசிந்தவை மட்டுமா, எல்லாமே கசிந்தனவா என்பதைக் கேட்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் காற்புள்ளி இல்லையென்றால், அந்தத் தொடர் எந்தப் பம்புகள் என்று பிரித்துக் காட்டுகிறது. காற்புள்ளி போட்டால் பிரிப்பது நின்றுவிடுகிறது. நான் திருத்திய பிறகு அந்த வாக்கியம் சொன்னது இதுதான்: எல்லாப் பம்புகளும் சோதனையில் கசிந்தன, ஒன்றுகூட அனுப்பப்படவில்லை.

4

புதன்கிழமை சாயங்காலம் கிப்ரோனோவிடமிருந்து பதில் வந்தது. இருநூற்று நாற்பதும் கசியுமானால் இந்த ஆர்டரே வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. தனபால் பதறிப்போய்ப் போன் போட்டார். கிப்ரோனோ எடுக்கவில்லை. மெயில் எழுதியது நீதானே என்று கேட்டபோது இளவேனில், "நான்தானுங்க சார்" என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போகும்போது ஆபீஸ் முழுக்க அவள் 'ஆர்டரைக் கெடுத்த பொண்ணு' ஆகியிருந்தாள். பேக்கிங்கில் ஒருவன் வேறொன்றும் சொன்னான். எத்தனை படித்தாலும் இவர்களுக்கு, என்று தொடங்குகிற வாக்கியம். முழுசாக எழுத மாட்டேன்.

தனபால் என்னை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். "ஏனுங்க மேடம், அந்தப் புள்ளைய மறுபடியும் பேக்கிங்குக்கே மாத்திப்போடலாம்னு இருக்கேனுங்க. பாவமாத்தான் இருக்குது. ஆனா என்னங்க பண்றது."

'அந்தக் காற்புள்ளிகளைப் போட்டது நான்தான் என்று உடனே—' (பொய்.)

'சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கதவைத் தட்டி—' (இதுவும் பொய். யாரும் தட்டவில்லை.)

நடந்தது இதுதான். "அப்படிங்களா" என்றேன். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். எழுந்து வெளியே வந்தேன்.

கோமளா என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போனது இந்த இடத்தில்தான். கதையில் வருகிற வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் அவளை நான் நன்றாகப் புரிந்துகொண்டு, நாலு பக்கம் மனசைத் தோண்டி எழுதியிருப்பேன்.

5

இளவேனில் தன் மேசையில் சோதனைத் தாள்களைப் பரப்பிவைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நேத்து பஸ்ல இங்கிலீஷ் கிராமர் வீடியோ பார்த்துட்டே வந்தனுங்க அக்கா. அன்னூர்ல ஏறி கணபதி வர்ற வரைக்கும் அதேதான். அந்த 'விச்' தொடருக்கு டிஃபைனிங் ரிலேடிவ் கிளாஸ்னு பேருங்க. கமா போடாட்டித்தான் எந்தப் பம்புன்னு பிரிச்சுச் சொல்லுமுங்க. நான் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சுங்க."

"நான்தான் போட்டேன்னு ஏன் சொல்லலை நீ?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சொன்னா நம்பியிருப்பாங்களா? நீங்க புஸ்தகம் எழுதறவங்க. நான் பொட்டி ஒட்டுனவ. தப்பும் பண்ணிப்போட்டு உங்க மேல பழியும் போடறேன்னுவாங்க. சொல்றதுன்னா நீங்கதானுங்க சொல்லோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பத் தனபாலின் அறைக்குப் போனேன். இந்த முறை உட்காரவில்லை.

"சார், இளவேனில் எழுதினது சரிங்க. அந்தக் கமா ரெண்டையும் போட்டது நான். வேணுமான்னு அவ கேட்டா. நான்தான் கேக்கலை."

அவர் மேசையிலிருந்த என் காலி டீ தம்ளரைக் காட்டினார். "ஏனுங்க மேடம், இப்பத்தானுங்களே இங்க உட்கார்ந்து டீ குடிச்சிட்டுப் போனீங்க?"

"ஆமாங்க."

அவர் அதற்கு மேல் கேட்காததற்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொள்கிறேன். எழுந்து கதவைத் திறந்து, "அம்மணி, இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிட்டார். அவள் வந்ததும் நான் டீ குடித்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

மூன்று மணி டீக்கு எல்லோரும் கூடியபோது அவர்கள் முன்னாலும் சொன்னேன். பேக்கிங்கில் அந்த வாக்கியத்தைச் சொன்னவன் கையிலிருந்த தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவன் இளவேனிலின் மேசை வரை போய்த் திரும்பினான். மன்னிப்புக் கேட்டான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கேட்கவில்லை.

6

கொஞ்சம் முன்னே போய்விட்டேன். தனபாலின் அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"இன்னொரு மெயில் போடறீங்களா?" என்று தனபால் என்னைக் கேட்டார்.

பதில் சொன்னது இளவேனில். "மெயில் வேண்டாமுங்க சார். அவர் கோபத்துல இருக்காரு, தொறக்க மாட்டாரு. கசிஞ்ச ஒம்பது பம்போட நம்பரையும் அதுங்க இங்க நிக்கற போட்டோவையும் வாட்ஸப்ல அனுப்பலாமுங்க. நம்பரைப் பார்த்தா அவரே கூப்பிடுவாரு."

ஒன்பது எண்களையும் தன் போனில் அவளே தட்டினாள். மேலே அதே பழைய வாக்கியம், அவள் முதலில் எழுதியபடி. கீழே, மீதி இருநூற்று முப்பத்தொன்றும் கப்பலில் இருக்கின்றன என்று ஒரு வரி. அனுப்பிக் கால் மணி நேரத்தில் கிப்ரோனோ கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"ஒன்பதுதானா?" என்றார்.

"ஒன்பதுதான் சார்."

"முந்தின மெயில் அப்படிச் சொல்லவில்லையே."

நான் தரையைப் பார்த்தேன். இளவேனில், "அது எங்கள் தவறு சார்" என்றாள். அவளுடைய ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இறங்கி வந்தது. கசிந்தது எதனால், எந்த சீல், எப்போது மாற்றி அனுப்புவோம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இன்னொருவரிடம் ஏற்கனவே பேசிவிட்டதாக அவர் சொன்னார். பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது. சரக்கு வரட்டும், நானே தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு உன்னிடமே சொல்கிறேன் என்றார். உன்னிடமே என்று அவர் சொன்னதைத் தனபாலும் கவனித்தார்.

அவள் பேக்கிங்குக்குப் போகவில்லை. இப்போது நான் திருத்துகிற மெயில்களை அவள் ஒருமுறை பார்த்த பிறகுதான் அனுப்புகிறோம். சில நாள் எனக்கு அது உறுத்தியது. சில நாள் என்றுதான் எழுதியிருக்கிறேன், உண்மையில் இரண்டு வாரம்.

7

முடிவுக்கு மூன்று யோசனைகள் வைத்திருந்தேன். பம்புகள் எல்லாம் நன்றாக ஓடி, அவர் இன்னும் ஐநூறு கேட்பது ஒன்று. இது சினிமா. அவர் பணிவாக மறுத்துவிடுவதும், இளவேனில் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மெயிலை எழுதுவதும் இன்னொன்று. இது பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். மூன்றாவதில் கப்பல் கடலிலேயே இருக்கும்.

மூன்றாவது இனி செல்லாது. சரக்கு போன வாரம் நகுருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று செவ்வாய். இந்தப் பகுதியை நான் ஆபீஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், திருத்த வேண்டிய கடிதங்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு. சற்று முன் இளவேனிலின் போன் அடித்தது. கென்யா எண். தனபால் தன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

இந்த முறை அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. "எஸ் சார்" என்கிறாள். நெடுநேரம் கேட்கிறாள். நான் என்ன என்று கையால் கேட்டதற்கு, இருங்க என்று கையைக் காட்டுகிறாள். அவர் என்ன சொல்கிறார் என்று நானே இட்டுக்கட்டி எழுதிவிடலாம், அதுதான் என் தொழில். ஆனால் அவரிடம் பேசிக்கொண்டிருப்பது அவள். அவளே சொல்லட்டும். அதுவரை நீங்களும் என்னோடு கொஞ்சம் உட்காருங்கள். அல்லது உங்களுக்குத் தோன்றுவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறாள். தாளைத் திருப்பி மறுபக்கத்திலும் எழுதுகிறாள். வேண்டாம் என்று சொல்கிறவர் இவ்வளவு நேரம் பேச மாட்டார்.