பக்கம் திருப்புகிறவள்

சுபாஷிணி மும்பையில் ஒரு பெரிய இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள். அங்கே இரண்டு பேருக்கு ஒரே இசைத்தாள். பக்கம் முடியும்போது உட்பக்கம் இருப்பவள் வாசிப்பதை விட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். வெளிப்பக்கம் இருப்பவள் நிறுத்தாமல் வாசிப்பாள். பத்து வயதிலிருந்து தலைகீழாக நின்று பழகியதெல்லாம் தாள் திருப்பத்தானா என்று அண்ணன் அனந்தநாராயணன் கேலி செய்வான். சுபாஷிணி உட்பக்கம்; அவளோடு வெளிப்பக்கம் இருந்தவள் மாளவிகா. போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

அவள் நாற்காலிக்குத்தான் இப்போது தேர்வு. முகம் தெரியக்கூடாது, வெட்டாமல் ஒட்டாமல் ஒலியை மட்டும் பதிந்து அனுப்ப வேண்டும். வேறு யாரோ அதில் வந்து உட்காருவதைச் சுபாஷிணியால் பொறுக்க முடியவில்லை. தானே போட்டியிடுவதென்று லீவு போட்டுவிட்டுக் கொச்சியில் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தாள். பக்கத்து மிளகுக் கிடங்குக்கு லாரி வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, போனை மேஜையில் வைத்தாள். யாரும் மணியடித்துவிடாமல் அண்ணன் வாசலில் காவல் நின்றான்.

இருவரும் குழுவில் வாசித்துவந்த இசைதான். முதல் பக்கத்தின் கடைசி வரி வந்ததும் அவள் கை தானாக வில்லை இறக்கித் தாளைத் திருப்பிவிட்டது. பழக்கதோஷம்! வீம்புக்கு மீதியை வாசித்து முடித்தாள்.

"கெடுத்துட்டேன் அண்ணா. நடுவிலே நின்னுட்டேன்."

"எங்கே நின்னே? நான் முழுக்கக் கேட்டேனே. நீயே போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். கடைசி வரியில் இடைவெளியே இல்லை. உச்ச சுரத்துக்குப் போகும்போது விரலைக் கொஞ்சம் இழுத்து ஏறும் பழக்கம் மாளவிகாவுடையது. அந்த இழுப்பு அப்படியே கேட்டது. சுபாஷிணி பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

"அனுப்பிடட்டா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம். அது நான் இல்லை."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தாள்களைப் அடுத்தடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். இனித் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிக்கு வந்ததும் விரல் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் அதை அவள் ஒருதரம்கூட வாசித்ததில்லை! அவள் வாசிப்பை நிறுத்திய இடத்திலிருந்து, அறைக்குள்ளேயே, மெல்லிசாக இன்னொரு வயலின் தொடர்ந்தது.

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. நின்றால் மாளவிகா வருவாள். எத்தனை தரம் நின்றாலும் வருவாள். ஆனால் நிற்கிறவளுக்கு அந்த நாற்காலி இல்லை.

கண்ணைத் துடைத்துத் துடைத்து அந்த ஒரு வரியைப் பாடம் பண்ணினாள். சாயங்காலம் மறுபடி பதிந்தாள். எங்கும் நிற்கவில்லை. போட்டுக் கேட்டார்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே வயலின்தான்.

"அடிபொளி! இது கிடைக்கும் பாரு," என்று குதித்தான் அண்ணன்.

"அனுப்பிடு," என்றாள். அப்புறம் அவன் தோளில் சாய்ந்துகொண்டு, அவனுக்குத் தெரியாததைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "மாளவிகா செத்துப்போயிட்டா, அண்ணா."